ஒன்பதாம் வகுப்பில் கிறிஸ்தவ இன்டர்நேஷனல் பள்ளி: கிரெடிட், ஐ.பி., ஏ.பி. என்றால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மஸ்கட்_அம்மா

வணக்கம். மகள் மஸ்கட்டில் இந்தியப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், சி.பி.எஸ்.இ. அடுத்த வருடம் கணவருக்கு வேலை வேறு நாட்டுக்கு மாறுகிறது. எந்த நாடு என்று கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்து மலையில் உள்ள ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. மாமியார் வீடு நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம். "கிறிஸ்தவப் பள்ளியென்றால் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பள்ளிகளின் கையேட்டை வாங்கிப் படித்தேன். பெயர் இங்கே வேண்டாம். ஒன்றில் பதினொன்று, பன்னிரண்டில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமோ, இல்லையென்றால் பள்ளியே கொடுக்கும் டிப்ளமோ என்று இரண்டு வழி. இன்னொன்று முழுக்க அமெரிக்க முறை. நான்கு வருடத்தில் 26 கிரெடிட் சேர்க்க வேண்டுமாம், அதில் பைபிள் 2 கிரெடிட். சமூக சேவை தனி. விருப்பம் இருந்தால் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எழுதலாம். நான் தமிழ்நாட்டு பிளஸ் டூ, 1200-க்கு மார்க் வாங்கியவள். இதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

மகளுக்குப் போன மாதம் டாக்டர் ஆசை, இந்த மாதம் டிசைனிங். இந்த டிப்ளமோக்கள் இந்தியாவில் பிளஸ் டூவுக்குச் சமமா? ஒன்பதாம் வகுப்பு மார்க்குக்கும் பள்ளியை முடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? பைபிள் பாடத்தில் ஃபெயில் ஆனால் டிப்ளமோ கிடைக்காதா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

நேர்பேச்சு

அக்கா, டாக்டர் ஆசை பத்து சதவீதம் இருந்தால்கூட சி.பி.எஸ்.இ.யிலேயே விட்டுவிடுங்கள். வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, கடைசியில் நீட் எழுதக் கோச்சிங் சென்டரில் உட்காரப்போகிற பிள்ளைக்கு எதற்குப் பியானோவும் மலையேற்றமும்? நீட் வருவது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து. அதை ஒரு நாளாவது தொடாத பள்ளியில் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது.

கணக்கு_சார்

தம்பி சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அம்மா கேட்டது வேறு. நான் இந்த வகைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட்டையும் மார்க்கையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தை ஒரு கல்வியாண்டு முழுக்கப் படித்துத் தேறினால் 1 கிரெடிட். ஒரு செமஸ்டர் மட்டும் என்றால் 0.5. சுமார் 120 மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பது அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பே வந்த கணக்கு. கார்னகி யூனிட் என்பார்கள். கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க முன்வந்தபோது, இத்தனை யூனிட் படித்து வந்த மாணவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரிக்குத்தான் பணம் என்று நிபந்தனை போட்டது. கல்லூரிகள் வழிக்கு வந்தன, பள்ளிகளும் பின்னால் வந்தன. ஆக உங்கள் மகளின் பள்ளிப் படிப்பை அளக்கப்போகும் அளவுகோல் வாத்தியார்களின் பென்ஷனில் பிறந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

நம் ஊரில் கடைசிப் பரீட்சைதான் எல்லாம். ஒன்பதில் கோட்டை விட்டாலும் பன்னிரண்டில் பிடித்துக்கொள்ளலாம். அங்கே அப்படி நடக்காது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு செமஸ்டரும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது நான்கு வருட மதிப்பெண் பதிவில், ஏறும், அழியாது. ஒரு மாணவியின் ஒன்பதாம் வகுப்பு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும் (பாடம், கிரேடு, கிரெடிட்):

ஆங்கிலம் 9 — பி பிளஸ் — 1.0
அல்ஜீப்ரா 1 — ஏ — 1.0
உயிரியல் — ஏ மைனஸ் — 1.0
உலக வரலாறு — பி — 1.0
பிரெஞ்சு 1 — பி — 1.0
பைபிள் (பழைய ஏற்பாடு) — ஏ — 0.5
உடற்கல்வி — ஏ — 0.5
பாடற்குழு — ஏ — 0.5

ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று வைத்துக் கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுத்தால் அதுதான் ஜி.பி.ஏ. எஃப் வாங்கினால் அந்தக் கிரெடிட் கிடையாது, திரும்பப் படிக்க வேண்டும். டி வாங்கினால் பெரும்பாலான பள்ளிகளில் கிரெடிட் கிடைத்துவிடும், ஆனால் கல்லூரிகள் முகம் சுளிக்கும்.

மொத்தம் 26 என்பது வழக்கமான எண்தான். பள்ளிக்குப் பள்ளி 22-லிருந்து 28 வரை பார்க்கலாம். மொத்தத்தைவிட அதற்குள் இருக்கும் பங்கீடுதான் முக்கியம். ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 3, சமூகவியல் (வரலாறு, புவியியல் மாதிரி) 3, வேற்றுமொழி 2 என்று பெரும்பாலும் இருக்கும். உடற்கல்வி, கலை, பைபிள் எல்லாம் அரை அரையாகச் சேரும். மாட்டிக்கொள்வது இந்த அரைகளில்தான். எங்கள் பள்ளியில் ஒரு பையன். ஏ.பி. கால்குலஸ் எடுத்தவன், இயற்பியலில் வகுப்பிலேயே முதல். பதினொன்றாம் வகுப்புக் கடைசியில் பள்ளியின் மாணவர் ஆலோசகர் அவனுடைய கிரெடிட் தாளைப் பிரித்துப் பச்சை மையால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். உடற்கல்வியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நடுவில் ஒரு செமஸ்டர் அப்பாவோடு வெளிநாட்டில் இருந்துவிட்டான், அந்த அரைக் கிரெடிட் வரவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அட்டவணையில் இடமே கிடையாது. கடைசியில் விடிகாலையில் ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகளோடு ஓடி அதை அடைத்தான். ஸ்டான்ஃபோர்டே கூப்பிட்டிருந்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேடை ஏற முடியாது.

ஆகவே ஒவ்வொரு வருடமும் மே மாதம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் கொடுப்பார்கள். பெற்றோர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மஸ்கட்_அம்மா

சார், கோடி நன்றி. இப்போதுதான் தலையும் வாலும் தெரிகிறது. அப்படியானால் இந்த முறையில் பொதுத் தேர்வே கிடையாதா? பள்ளியே பரீட்சை வைத்து பள்ளியே டிப்ளமோ கொடுத்துக்கொள்ளுமா? அதை யார் நம்புவார்கள்?

அட்மிஷன்_அன்பு

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். சென்னையில் சேர்க்கை ஆலோசனைதான் என் தொழில். பத்துப் பெற்றோர் வந்தால் ஒருவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

அமெரிக்க டிப்ளமோவுக்குப் பின்னால் அரசுத் தேர்வு வாரியம் எதுவும் இல்லை. அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் கொடுப்பது பள்ளிக்கு இருக்கும் அங்கீகாரம். மிடில் ஸ்டேட்ஸ், வாஸ்க் போன்ற அமெரிக்க அமைப்புகள் சில வருடத்துக்கு ஒருமுறை குழு அனுப்பி, பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, கணக்குவழக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புதுப்பிக்கும். கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு ஏ.சி.எஸ்.ஐ. என்றொரு சங்கமும் அங்கீகாரம் கொடுக்கிறது. அது இருப்பது நல்லதே, ஆனால் அது ஒன்றை மட்டும் காட்டினால் திருப்திப்படாதீர்கள். மற்ற இரண்டில் ஒன்று இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள்.

இந்தியாவில் கல்லூரிக்கு வர ஏ.ஐ.யு., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், இணைத்தன்மைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இது பிளஸ் டூவுக்குச் சமம் என்ற சான்று. ஐ.பி. டிப்ளமோவை அவர்கள் ஏற்கிறார்கள். முழு டிப்ளமோவாக இருக்க வேண்டும், குறைந்தது 24 புள்ளி. அமெரிக்க டிப்ளமோ என்றால் பள்ளியின் அங்கீகாரம், பன்னிரண்டாம் வகுப்பு வரையான டிரான்ஸ்கிரிப்ட், எடுத்த பாடங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சென்ற வருடம் உங்கள் மாணவர் யாராவது ஏ.ஐ.யு. சான்றிதழ் வாங்கி இந்தியக் கல்லூரியில் சேர்ந்தார்களா?" ஆமாம் என்றால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு. பதில் இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஏ.பி. பற்றி ஒரு வரி. அது டிப்ளமோ கிடையாது, தனித்தனிப் பாடத் தேர்வு. காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு மே மாதம் நடத்தும், 5-க்கு மதிப்பெண். பள்ளி கொடுக்கும் கிரேடுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவுக்கு அது கூடுதல் பலம். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் பல இடங்களில் அதுவே கதவு: வெறும் அமெரிக்க டிப்ளமோவைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், குறிப்பிட்ட ஏ.பி. பாடங்கள் கூடவே வேண்டும்.

நேர்பேச்சு

அன்பு அண்ணா, நீட் பற்றி மட்டும் நைசாக நழுவிவிட்டீர்களே.

அட்மிஷன்_அன்பு

நழுவவில்லை, வருகிறேன்.

நீட்டுக்குத் தகுதி என்றால் பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். பொதுப் பிரிவுக்கு மூன்று அறிவியலும் சேர்ந்து 50 சதவீதம். இதில் ஐ.பி. எங்கே இடிக்கிறது பாருங்கள். ஐ.பி.யில் ஆறு பாடம். தாய்மொழி அல்லது முதன்மை மொழி ஒன்று, இன்னொரு மொழி, சமூகவியல் ஒன்று, அறிவியல் ஒன்று, கணக்கு, ஆறாவதாகக் கலை. கலைக்குப் பதில் இரண்டாவது அறிவியலை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது அறிவியலுக்கு இடமே கிடையாது. டாக்டர் ஆசை உள்ள பிள்ளைகள் இயற்பியலை விட்டுவிட்டு வேதியியலும் உயிரியலும் எடுப்பார்கள். பிரிட்டனுக்கு அது போதும், இந்தியாவுக்குப் போதாது.

வழி இல்லாமல் இல்லை. ஒரு நாட்டில் குறிப்பிட்ட படிப்பில் சேர மூன்று அறிவியலும் கட்டாயம் என்று காட்டினால், சமூகவியலை விட்டுவிட்டு மூன்றாவது அறிவியலை எடுக்க ஐ.பி. தனி அனுமதி கொடுக்கும். பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். பாதி வருடம் போன பிறகு அட்டவணையில் அதற்கு இடம் கண்டுபிடிக்கிற பள்ளியை நான் பார்த்ததில்லை.

கணக்கிலும் ஒரு கண்ணி. 2019-லிருந்து ஐ.பி. கணக்கு இரண்டு கிளை. ஒன்று ஏ.ஏ., அதில் கால்குலஸ், அல்ஜீப்ரா கனம். மற்றது ஏ.ஐ., புள்ளியியலும் பயன்பாடும். இரண்டிலும் மேல்நிலை, கீழ்நிலை என்று இரண்டு அளவு. ஏ.ஐ.யின் கீழ்நிலைப் பாடம் சுலபம் என்று பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துக்கொள்வார்கள். இன்ஜினியரிங்கில் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தொடவே தொடாது. டிசைனிங் போகிற பிள்ளைக்குப் பரவாயில்லை.

ஐ.பி. முடிவு வருவது ஜூலை முதல் வாரம். நம் தனியார் பல்கலைக்கழகங்கள் பல அதற்கு முன்பே சேர்க்கையை நடத்திவிடும். அதுவரை ஆசிரியர்கள் போடும் உத்தேச மதிப்பெண்ணை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கோடைப்_பறவை

எல்லாரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். படிக்கிற பிள்ளை என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன். கொடைக்கானலில் ஐ.பி. முடித்தவள் நான்.

ஆறு பாடத்தில் மூன்று மேல்நிலை, 240 மணி நேரம். மூன்று கீழ்நிலை, 150 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் 7 என்று 42 புள்ளி. மீதி 3 புள்ளிக்கு இரண்டு விஷயம். ஒன்று டி.ஓ.கே., ஒரு விஷயம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்பதை ஆராயும் பாடம். மற்றது நீள்கட்டுரை, 4000 சொல்லுக்குள். இது தவிர சி.ஏ.எஸ்.: கலை, விளையாட்டு, சேவை. அதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோவும் கிடையாது. எங்கள் காலத்தில் 150 மணி நேரம் எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது மணிக்கணக்கு போய், பதினெட்டு மாதம் தொடர்ந்து செய்து பதிவு எழுத வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

என் நீள்கட்டுரை உயிரியலில். கொடைக்கானலில் சோலைக்காட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த வாட்டில் மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கும். சோலைக்குள் ஒரு சதுரம், வாட்டிலுக்கு அடியில் ஒரு சதுரம் என்று கயிறு கட்டி, உள்ளே என்னென்ன நாற்று முளைக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. சனிக்கிழமை காலையில் காலுறைக்குள் மூக்குப்பொடியைத் தூவிக்கொண்டு போவோம், அட்டைக்காக. அப்படியும் கடிக்கும். நோட்டுப் புத்தகத்தில் இரத்தக் கறையோடுதான் எண்ணிக்கை எழுதினேன். அட்டவணை நன்றாக வந்தது, ஆனால் "ஏன் இந்த இடத்தில் கயிறு கட்டினாய், பத்தடி தள்ளி ஏன் கட்டவில்லை?" என்று மேற்பார்வை ஆசிரியர் கேட்டபோது பதில் இல்லை. திரும்பப் போய்ச் சீட்டுக் குலுக்கிப் புது இடங்கள் எடுத்துத் திரும்ப எண்ணினேன். கல்லூரியில் முதல் வருடம் ஆய்வு முறை பற்றி வகுப்பெடுத்தபோது, எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது.

சொல்ல வந்தது இதுதான். நேர்பேச்சு, என்.சி.இ.ஆர்.டி.யைத் தொடாத பள்ளி என்கிறீர்கள், உண்மை. நீட்டுக்கு இது உதவாது. ஆனால் இரண்டாம் வருடம் பிப்ரவரியில் ஆறு பாடத்தின் அகமதிப்பீடு, டி.ஓ.கே. கட்டுரை, மாதிரித் தேர்வு எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது தூக்கத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பதினேழு வயதில் கற்றுக்கொள்கிற பிள்ளை அப்புறம் எந்தக் கல்லூரிக்கும் பயப்படாது. தாங்காத பிள்ளைகளும் உண்டு. எங்கள் வகுப்பில் சிலர் முழு டிப்ளமோவை விட்டு, மூன்று நான்கு பாடத்துக்கு மட்டும் ஐ.பி. தேர்வு எழுதிப் பள்ளி டிப்ளமோவோடு போனார்கள். வெளிநாட்டில் நல்ல கல்லூரியிலேயே சேர்ந்தார்கள். அதைத் தோல்வி என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அன்பு சொன்ன ஏ.ஐ.யு. விஷயத்தில் அவர்களுக்கு இந்தியக் கதவு குறுகிவிடும், அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கு_வேலன்

வணக்கம், பினாங்கிலிருந்து. பைபிள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. நாங்கள் சைவர்கள், வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்போம். என் மகன் அமெரிக்க முறைக் கிறிஸ்தவப் பள்ளியில் நான்கு வருடம் படித்து முடித்தான்.

பைபிள் அங்கே ஒரு பாடம். வீட்டுப் பாடம் உண்டு, கட்டுரை உண்டு, தேர்வு உண்டு, மனப்பாட வசனம் உண்டு. கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் ஏறும். ஆகவே அம்மாவின் கேள்விக்கு நேர் பதில்: ஆமாம், பைபிளில் எஃப் வாங்கினால் அந்தக் கிரெடிட்டைத் திரும்பச் சம்பாதிக்காமல் டிப்ளமோ இல்லை. ஆனால் "நீ நம்புகிறாயா?" என்று யாரும் மார்க் போடுவதில்லை. என் மகன் யோபு புத்தகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் கர்மவினை பற்றி இரண்டு பக்கம் எழுதினான். ஆசிரியர் ஏ மைனஸ் போட்டார். மைனஸ் எதற்கு என்றால் மேற்கோள் எண் தவறாம்.

வாரம் ஒருமுறை சேப்பல், அதாவது வழிபாட்டுக் கூட்டம். எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும், ஆனால் பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. மாமியார் சந்தோஷப்படுவார்.

இந்தப் பள்ளிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். எங்கள் ஊர் டாலட் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் வியட்நாமில் டாலட் மலையூரில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்கள். போர் முற்றியதும் 1960-களில் அங்கிருந்து கிளம்பி, பாங்காக், கேமரன் ஹைலண்ட்ஸ் என்று அலைந்து, 1970-களின் தொடக்கத்தில் இங்கே தஞ்சோங் பூங்கா கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடமே நாடு விட்டு நாடு போயிருக்கிறது. கொடைக்கானல் பள்ளியும் 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான். பெற்றோர் சில வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் சொந்த நாட்டுக்குப் போவார்கள், பிள்ளை ஒரு வருடம் அங்கே படித்துவிட்டுத் திரும்பி வரும். பதினெட்டு வயதில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதற்குத் தோதான முறை கிரெடிட்தான். எங்கே படித்தாலும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

கணக்கு_சார்

வேலன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐ.பி.யும் அலைகிற பிள்ளைகளுக்காகப் பிறந்ததே. ஐ.நா. அலுவலகங்கள் இருக்கும் ஜெனீவாவில் 1968-இல் தொடங்கினார்கள். அதிகாரிகளின் பிள்ளைகள் எந்த நாட்டுக் கல்லூரிக்கும் போக ஒரே டிப்ளமோ வேண்டும் என்பது நோக்கம். கொடைக்கானல் 1976-இலேயே அதைக் கொண்டுவந்தது, இந்தியாவில் அதுதான் முதல்.

அம்மா, உங்கள் குடும்பம் அடுத்து எந்த நாடு என்றே தெரியாத குடும்பம். ஆகவே இந்த முறைகள் உங்களுக்காகவே செய்தவை. நேர்பேச்சுத் தம்பி சொல்கிற குடும்பம் திருச்சியிலேயே இருந்து திருச்சியிலேயே மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப் பார்க்கிற குடும்பம். அவர்களுக்கு இது வீண் சுற்று.

நேர்பேச்சு

சார், கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். பைபிள் விஷயத்தை மாட்டேன். கட்டாயப் பாடமாக வைத்து, அதில் தேறாவிட்டால் டிப்ளமோ இல்லை என்பது மத போதனை இல்லாமல் வேறென்ன? நம் அரசமைப்புச் சட்டம் 28(3) என்ன சொல்கிறது? அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது.

அட்மிஷன்_அன்பு

அதே பிரிவில் "சிறுவராக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம்" என்றும் இருக்கிறது. அந்தச் சம்மதத்தைத்தான் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்தாக வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒன்பது பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள். பள்ளிக்குப் பள்ளி வித்தியாசமும் உண்டு. சில இடத்தில் பைபிள்தான், சில இடத்தில் உலக சமயங்கள், நெறிமுறை என்று பரவலாக எடுக்கிறார்கள். பாடத்தின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அங்கே சேர்க்காதீர்கள். கிறிஸ்தவப் பள்ளி என்று பெயர்ப்பலகையிலேயே போட்டிருக்கிறார்கள், ஒளிக்கவில்லையே.

பினாங்கு_வேலன்

தம்பி கேட்பதில் தவறில்லை. நாங்களும் முதல் வருடம் யோசித்தோம். எங்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வேறு. 2012-க்கு முன்பு மலேசியாவில் இன்டர்நேஷனல் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 40 சதவீத உச்சவரம்பு இருந்தது. அது போனதும் எல்லாரும் போய் நின்றோம். பிள்ளை எஸ்.பி.எம்., அதாவது மலேசிய அரசின் பள்ளி இறுதித் தேர்வு, எழுதாமல் வெளியே வந்தால், அதில் தேற வேண்டிய மலாய் மொழியும் வரலாறும் இருக்காது. அரசாங்க வேலை, அரசாங்கப் பல்கலைக்கழகம் என்று பிற்பாடு நினைத்தால் கஷ்டம். அதை எந்தப் பள்ளிக் கையேட்டிலும் எழுத மாட்டார்கள். என் மகனுக்கு அந்த எண்ணம் இல்லை, பிழைத்தோம்.

மஸ்கட் தங்கச்சி, உங்களுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கும்: தமிழ். ஒன்பதிலிருந்து பிரெஞ்சோ ஸ்பானிஷோ எடுத்தால் தமிழ் எழுத்து அதோடு நின்றுவிடும். பள்ளி சொல்லிக் கொடுக்காது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடைப்_பறவை

ஊட்டிப் பக்கம் ஹெப்ரான் மாதிரிப் பள்ளிகளையும் பாருங்கள் அம்மா. அங்கே பிரிட்டிஷ் முறை. பத்தில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பன்னிரண்டில் ஏ லெவல், மூன்று நான்கு பாடம்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஏ லெவலில் எடுக்கத் தடையில்லை. டாக்டர் ஆசை நிலைத்தால் ஐ.பி.யைவிட அது சிக்கல் குறைவு. கிரெடிட் தலைவலியும் கிடையாது. டிசைனிங் ஆசை ஜெயித்தால் ஐ.பி.யில் விஷுவல் ஆர்ட்ஸ் எடுத்து, போர்ட்ஃபோலியோ சேர்த்துக்கொண்டே வரலாம்.

இன்னொன்று. இந்தப் பள்ளிகளின் வருடம் பெரும்பாலும் ஜூலை கடைசி, ஆகஸ்டில் தொடங்கும். மஸ்கட் இந்தியப் பள்ளியில் மார்ச்சோடு எட்டாம் வகுப்பு முடிந்துவிடும். நடுவில் நான்கு மாதம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழக்குங்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் கணக்கில் அங்கே ஒரு வருடம் முன்னால் இருப்பார்கள். தடுமாறுவதெல்லாம் "உன் கருத்து என்ன, ஆதாரம் என்ன?" என்று கேட்கும்போதுதான்.

மஸ்கட்_அம்மா

எல்லாருக்கும் பதில் எழுத முடியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். மகளை உட்கார வைத்துப் பேசினோம். மூன்று அறிவியலும் எடுக்கிற வழி இருக்கிற பள்ளி எது என்று முதலில் கேட்கப் போகிறோம். பதினொன்றாம் வகுப்பு வரும்போது அவள் முடிவு செய்யட்டும். இரண்டு பள்ளிக்கும் மின்னஞ்சல் போட்டேன், ஏ.ஐ.யு. கேள்வியோடு. ஒன்று மறுநாளே பதில் அனுப்பியது, கல்லூரிப் பெயர்களோடு. மற்றது "நேரில் வாருங்கள், வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம்" என்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். பள்ளி ஆவணங்களில் மகள் பெயர் இனிஷியலோடு, எம். ஜெனிஃபர். பாஸ்போர்ட்டில் ஜெனிஃபர், அப்பா பெயர் குடும்பப் பெயராக. பிறப்புச் சான்றிதழில் ஒரு எஃப் குறைவு. இது பிரச்சினை ஆகுமா?

அட்மிஷன்_அன்பு

ஆகும். இப்போதே சரிசெய்யுங்கள். டிரான்ஸ்கிரிப்ட், ஏ.பி., எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு), ஐ.பி. பதிவு எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பாதிப் பேர் இந்த இனிஷியலில்தான் மாட்டுகிறார்கள். தேர்வு ஒரு பெயரில், டி.சி. இன்னொரு பெயரில் என்று வந்தால் ஏ.ஐ.யு.விலும் விசாவிலும் ஆளுக்கொரு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் எந்த ஊரில் பதிவானதோ அந்த அலுவலகத்தில் எழுத்துப் பிழைத் திருத்தம் கொடுங்கள். மஸ்கட் பள்ளி டி.சி. போடும் முன்பே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து அதே பெயரில் வாங்கிவிடுங்கள். எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் அதே பெயரில் கேளுங்கள். புதுப் பள்ளி முதல் நாள் கணினியில் ஏற்றும் பெயர்தான் நான்கு வருடம் கழித்து டிப்ளமோவில் அச்சாகும்.

கணக்கு_சார்

ஒரு எஃப் குறைவு என்று அலட்சியமாக விடாதீர்கள் அம்மா. எங்கள் பள்ளியில் டிப்ளமோ வழங்கும் விழாவுக்கு ஒரு மாதம் முன்பு மாணவர்கள் தங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் வரும்போது மகள் ஹாஸ்டலில்தான் இருப்பாள், நீங்கள் வேறு ஏதோ ஒரு நாட்டில் இருப்பீர்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்றை அவள் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.